கழுவினாலும் போகாத வண்டல்: வெள்ளத்தில் மூழ்கிய பழைய காரை அறிகுறி பார்த்துக் கண்டுபிடிப்பது

2015 மழையில் கடலூரில் நாங்கள் குடியிருந்த தெருவில் மூன்று நாள் தண்ணீர் நின்றது. வாசலில் விட்டிருந்த என் கார் சீட் முங்கும் வரை மூழ்கிக் கிடந்தது. அதைப் பிரித்து, கழுவி, காயவைத்து, மறுபடி ஓடவைத்ததைக் கூடவே நின்று பார்த்தவன் நான். ஒரு வருடம் கழித்து விற்றபோது விஷயத்தைச் சொல்லித்தான் விற்றேன். அப்படிப்பட்ட நானே 2024 ஏப்ரலில், புதுச்சேரியில் பழைய கார் விற்கும் ஒரு கன்சல்டிங் கடையில் "சென்னை வண்டி சார், சிங்கிள் ஓனர், ஆபீஸுக்கு மட்டும்தான் ஓடியிருக்கு" என்றதை நம்பி, நான்கு மாதத்துக்கு முன்னால் மிக்ஜாம் புயல் மழையில் ஊறிய ஒரு காரை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த வண்டி கற்றுக்கொடுத்தது ஒன்றுதான். தண்ணீர் வற்றிவிடும். வாடையை மறைத்துவிடலாம். ஆனால் வண்டல் இருக்கிறதே, கழுவியவன் கை எட்டாத இடத்தில் அது அப்படியே உட்கார்ந்திருக்கும். கீழே எந்த அறிகுறியிலிருந்து தொடங்கினாலும் கடைசியில் அந்த இடத்தைத்தான் தேடப்போகிறோம்.

நம் பக்கத்தில் இதற்குத் தனியாக ஒரு கவனம் வேண்டும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது ஒரே நாளில் சுமார் 48 செ.மீ. மழை கொட்டியது. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து பாகூர் பக்கத்தையும் கடலூரையும் மூழ்கடித்தது. அதற்கு ஒரு வருடம் முன்னால், 2023 டிசம்பரில் சென்னை, அதே மாதத்தில் தூத்துக்குடி, திருநெல்வேலி. மூழ்கிய இடத்திலேயே வண்டியை விற்க மாட்டார்கள், அந்த ஊர்க்காரர் முதல் கேள்வியாக "மழையில எங்க நின்னுச்சு?" என்று கேட்டுவிடுவார். வண்டி இரண்டு மாவட்டம் தாண்டித்தான் விலைக்கு வரும்.

அறிகுறி: ஏசி போட்டால் ஈரத் துணி வாடை

வாடை வந்தாலே வெள்ள வண்டி என்று முடிவு கட்ட வேண்டாம். கேபின் ஃபில்டர் அழுக்கேறியிருக்கலாம், ஏசி தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்து உள்ளே ஒழுகியிருக்கலாம், எலி செத்திருக்கலாம். வேறுபடுத்துவது எப்படி?

வண்டியை வெயிலில் நிறுத்தி, எல்லாக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டு, கால் மணி நேரம் விடுங்கள். அப்புறம் கதவைத் திறந்து, ஏசி போடாமல், முதல் மூச்சை இழுங்கள். ஃபில்டர் கோளாறு என்றால் வாடை, ஏசி போட்ட பிறகு அதன் துவாரத்திலிருந்துதான் வரும். ஊறிய வண்டியில் வாடை காலடியிலிருந்து கிளம்பும், வயல் சேறு காய்ந்த மாதிரி. உள்ளே நுழைந்ததும் வாசனைத் திரவியம் மூக்கைத் துளைத்தால் ஒன்றுக்கு இரண்டு முறை யோசியுங்கள். என் வண்டியில் மல்லிகை வாசனை பாட்டில் இரண்டு இருந்தன. "பார்ட்டி ரொம்ப நீட்டான ஆள் சார்" என்றார் கடைக்காரர்.

அடுத்தது தரை. மேலே போட்டிருக்கும் மேட்டை எடுத்துவிட்டு, அதன் கீழே ஒட்டியிருக்கும் கார்ப்பெட்டை உள்ளங்கையால் நன்றாக அழுத்துங்கள். அதற்கடியில் ஒரு தடிமனான பஞ்சு அடுக்கு இருக்கிறது. மேலே மொறுமொறுப்பாகக் காய்ந்திருந்தாலும் அந்தப் பஞ்சு மாதக்கணக்கில் ஈரம் பிடித்து வைத்திருக்கும். கதவு ஓர பிளாஸ்டிக் பட்டையைக் கிளப்பினால் கார்ப்பெட்டின் ஓரத்தைத் தூக்கலாம்; பெரும்பாலான வண்டிகளில் கிளிப்தான், பார்த்துக் கிளப்புங்கள். டிஷ்யூ பேப்பரை அந்தப் பஞ்சில் வைத்து அழுத்தி எடுத்துப் பாருங்கள். காவி நிறமோ மெல்லிய மண்ணோ ஒட்டினால் வண்டி வெள்ளத்தில் நனைந்திருக்கிறது; வெறும் ஈரம் மட்டும் என்றால் ஏசி குழாய் ஒழுகியதாகவும் இருக்கலாம். தூக்கிப் பார்க்கக்கூடாது என்று விற்பவர் சொன்னால், டிஷ்யூ செலவு மிச்சம், கிளம்பிவிடுங்கள்.

பத்து வருட வண்டியில் கார்ப்பெட் மட்டும் புத்தம் புதிதாக இருந்தாலும் அதே கதைதான்.

அறிகுறி: துரு இருக்கிறது. "கடற்கரை ஊரு சார், அப்படித்தான்" என்கிறார்கள்

நம் ஊரில் அதிகம் எடுபடும் பொய் இதுதான், ஏனென்றால் பாதி உண்மை. கடலூர் தேவனாம்பட்டினத்திலோ புதுச்சேரி கடற்கரைச் சாலைக்குப் பக்கத்திலோ ஐந்து வருடம் நின்ற எந்த வண்டியிலும் துரு இருக்கும். உப்புக்காற்று யாரையும் விடாது. நான் ஏமாந்ததும் இந்த ஒரு வாக்கியத்தில்தான். துருவைப் பார்த்தேன், கேட்டேன், பதில் வந்தது, தலையாட்டினேன். சென்னை வண்டியாயிற்றே, புயல் மழையில் நின்றிருக்குமோ என்றுகூடத் தோன்றவில்லை.

பிறகு எங்கள் மெக்கானிக் அண்ணன் சொல்லிக்கொடுத்தார். "தம்பி, கடல் காத்து வெளிய இருந்து தின்னும். வெள்ளம் உள்ள இருந்து தின்னும். சீட்டுக்கு அடியில கடல் காத்து எங்கடா வந்துச்சு?"

உப்புக்காற்றுத் துரு எங்கே வரும்? சைலன்சர், அடிப்பாகத்து பட்டைகள், பானெட் ஓரம், கதவின் கீழ் விளிம்பு, கல் பட்டு பெயின்ட் போன இடம். மழை, காற்று படும் இடங்கள். இதெல்லாம் இருந்தால் விலை பேசலாம், பயப்பட வேண்டாம். வெள்ளத் துரு வேறு இடத்தில் உட்காரும். முன் சீட்டை முழுவதும் பின்னால் தள்ளிவிட்டு, தரையில் முட்டி போட்டு, செல்போன் டார்ச்சை அடித்து சீட்டின் அடியைப் பாருங்கள். சீட் தண்டவாளம், அதைத் தரையோடு பிடிக்கும் நான்கு போல்ட், உள்ளே தெரியும் ஸ்பிரிங் கம்பிகள். எப்போதும் கூரைக்கடியில் காய்ந்தே இருக்கும் இடம் இது. இங்கே செந்துரு இருந்தால் அதற்கு வேறு காரணம் தேடுவது கஷ்டம். போல்ட் தலையில் ஸ்பேனர் கடித்த தழும்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். கார்ப்பெட்டைக் காயவைக்க சீட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். சாதாரண வண்டியில் அதற்கு வேலை குறைவு.

அதே டார்ச்சோடு பிரேக், கிளட்ச் பெடல்களின் மேல்பகுதி, டாஷ்போர்டுக்கு அடியில் தெரியும் திருகுகள், டிக்கியில் ஸ்டெப்னி உட்காரும் குழி. ஸ்டெப்னியை வெளியே எடுத்துவிட்டுப் பாருங்கள், தூக்கிப் பார்த்தால் போதாது. குழியின் நடுவில் துருவும் சுற்றிலும் ஒரு மண் வளையமும் இருந்தால் தண்ணீர் அங்கே நின்று வற்றியிருக்கிறது. டிக்கி ரப்பர் கிழிந்து மழைநீர் இறங்கினாலும் இப்படி ஆகும். ஆகவே இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்ல வேண்டாம். சீட் போல்ட்டோடு சேர்த்துப் பாருங்கள்.

அறிகுறி: ஒரு குறையும் இல்லை, ஆனால் மனசு கேட்கவில்லை

விலை மட்டும் சந்தை விலையைவிட நாற்பது, ஐம்பதாயிரம் குறைவு, மற்றதெல்லாம் பளபள. இந்த நிலையில் நான் செய்வது ஒன்றே ஒன்று. டிரைவர் சீட் பெல்ட்டைப் பிடித்து, இழுக்க முடிந்த மட்டும் இழுப்பேன். கடைசி அங்குலம் வரை.

நாம் தினமும் போடும்போது பெல்ட்டின் பாதி நீளம்கூட வெளியே வராது. மீதி, கதவுத் தூணின் அடியில் இருக்கும் சுருளுக்குள்ளேயே இருக்கும். வண்டியில் தரைமட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இடம் அது. தண்ணீர் சீட் வரை வந்திருந்தால் அந்தச் சுருள் சேற்றில் குளித்திருக்கும். கழுவுபவர் வெளியே தெரியும் பெல்ட்டைத்தான் சோப்புப் போட்டுத் தேய்ப்பார். முழுக்க இழுத்துப் பார்த்தால், ஒரு இடத்தில் கோடு கிழித்த மாதிரி நிறம் மாறும்: மேலே கறுப்பு, கீழே சாம்பல் கலந்த மங்கல். விரலால் நெருடினால் நரநரவென்று இருக்கும். என் வண்டியில் அந்தக் கோட்டுக்குக் கீழே ஒரு சின்ன நத்தை ஓடு ஒட்டியிருந்தது. வாங்கி இரண்டு மாதம் கழித்துத்தான் பார்த்தேன்.

பெல்ட்டை விட்டால் சரசரவென்று உள்ளே ஓட வேண்டும். தயங்கித் தயங்கிப் போனால் உள்ளே மண். நான்கு பெல்ட்டில் ஒன்று மட்டும் புதிதாக இருந்தால் அதன் அடியில் தைத்திருக்கும் லேபிளில் தயாரித்த தேதியைப் பாருங்கள். 2018 வண்டியில் 2024 பெல்ட் ஏன் வந்தது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. விபத்தில் மாற்றினோம் என்பார்கள். அதுவும் விசாரிக்க வேண்டிய விஷயம்தானே.

அறிகுறி: ஏர்பேக் விளக்கு எரிகிறது. அல்லது எரியவே இல்லை

இரண்டாவதுதான் ஆபத்து. சாவியைத் திருப்பியதும், இன்ஜின் ஸ்டார்ட் ஆவதற்கு முன், மீட்டரில் எல்லா எச்சரிக்கை விளக்குகளும் ஒரு முறை எரிந்து, ஏர்பேக் விளக்கு சில நொடிகளில் தானாக அணைய வேண்டும். எரிந்துகொண்டே இருந்தால் கோளாறு. துவக்கத்திலும் எரியாவிட்டால் யாரோ அந்த விளக்கையே வேலை செய்யவிடாமல் செய்திருக்கலாம். பேட்டரி விளக்கோடு சேர்ந்து எரிந்து, அதோடு சேர்ந்தே அணைந்தாலும் சந்தேகப்படுங்கள். இரண்டையும் ஒரே வயரில் முடிந்துவிடும் வேலை உண்டு.

ஏர்பேக்கை இயக்கும் பெட்டி பெரும்பாலான கார்களில் கியர் கம்பிக்குப் பக்கத்தில், நடு கன்சோலுக்கு அடியில், தரையோடு தரையாக இருக்கிறது. கார்ப்பெட் நனையும் அளவு தண்ணீர் வந்தாலே அது பாதிக்கப்படலாம். புதுப் பெட்டி விலை அதிகம் என்பதால் பலர் விளக்கை அணைத்துவிட்டு விற்கிறார்கள். மோதல் நேரும்போது பை விரியாது. நமக்கு அப்போதுதான் தெரியவரும். இந்த ஒரு குறைக்கு மட்டும் விலை பேசாதீர்கள், வண்டியை விட்டுவிடுங்கள்.

அறிகுறி: பவர் விண்டோ ஒரு நாள் ஏறுகிறது, ஒரு நாள் ஏறவில்லை

சென்ட்ரல் லாக் தானாகப் பூட்டிக்கொள்கிறது, ஹாரன் ஈரமான காலையில் மட்டும் அடிக்கவில்லை, ரிவர்ஸ் போட்டால் ரேடியோ அணைகிறது. ஒன்று மட்டும் என்றால் சுவிட்ச் போயிருக்கலாம். சம்பந்தமே இல்லாத மூன்று விஷயம் மாறி மாறிப் படுத்தினால் வயரிங் கப்ளர்களுக்குள் (வயர்களை இணைக்கும் பிளக்குகள்) பச்சை பூத்திருக்கிறது. நனைந்த செம்பு பச்சையாகும்; உப்பு கலந்த தண்ணீர் என்றால் இன்னும் வேகமாகும். உப்பனாறு ஓரமோ கழிமுகப் பக்கமோ மூழ்கிய வண்டியை எந்த விலைக்கும் நான் தொட மாட்டேன். நல்ல தண்ணீரில் நனைந்தது ஆறு மாதத்தில் காட்டிக்கொடுத்தால், உப்புத் தண்ணீரில் நனைந்தது ஆறு வாரத்தில் காட்டிக்கொடுக்கும்.

எலக்ட்ரீஷியனைக் கூட்டிக்கொண்டு போங்கள். டிரைவர் காலடிப் பக்கத்து ஃபியூஸ் பாக்ஸ் மூடியைத் திறந்து, இரண்டு மூன்று ஃபியூஸைப் பிடுங்கி அதன் கால்களைப் பார்க்கச் சொல்லுங்கள். சீட்டுக்கடியில் இருக்கும் ஒரு கப்ளரையும் கழற்றிப் பாருங்கள்.

வண்டியின் பிழை எண்களைப் படிக்கும் ஸ்கேனரும் போட வேண்டும். கடந்த பத்து வருட வண்டிகளில் ஸ்டீயரிங்குக்குக் கீழே அதற்கான சாக்கெட் இருக்கும். "யு" என்ற எழுத்தில் தொடங்கும் பிழை எண்கள் வரிசையாக வந்தால், வண்டிக்குள் இருக்கும் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவில்லை என்று அர்த்தம். ஒரு பிழைகூட இல்லை என்றால் சந்தோஷப்படுவதற்கு முன் "ரெடினஸ்" பக்கத்தை, அதாவது வண்டி தன்னைத்தானே சோதித்து முடித்துவிட்டதா என்று காட்டும் பக்கத்தைப் பாருங்கள். காலையில்தான் யாராவது பிழைகளை அழித்திருந்தால் அந்தச் சோதனைகள் முடியாமல் பாதியில் நிற்கும். நாலைந்து நாள் ஓட்டிய பிறகு மறுபடி ஸ்கேன் செய்யலாமா என்று கேளுங்கள். முகம் மாறுகிறதா என்று பாருங்கள்.

அறிகுறி: ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் நின்ற இடத்தில் நடுங்குகிறது

போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வரும் முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். ஆறியபின் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள்.

தண்ணீருக்குள் நிற்கும் வண்டியை ஸ்டார்ட் செய்தால் ஏர் ஃபில்டர் வழியாக சிலிண்டருக்குள் தண்ணீர் போகும். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. பிஸ்டன் மோதி நிற்கும், கனெக்டிங் ராட் வளையும். அதிகம் வளைந்தால் இன்ஜின் அங்கேயே முடிந்தது. கொஞ்சமாக வளைந்தால்தான் சிக்கல்: வண்டி ஓடும், விற்பனையும் ஆகும், சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்து ராட் உடைந்து பிளாக்கைக் குத்திக்கொண்டு வெளியே வரும். சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் போட்டால் ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றைவிடத் தெளிவாகக் குறைத்துக் காட்டும். சின்னப் பட்டறையில்கூட இதைச் செய்வார்கள்.

டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. வெள்ளம்தான் என்றில்லை, ஹெட் கேஸ்கட் போனாலும் இப்படி ஆகும். எப்படிப் பார்த்தாலும் அந்த வண்டி நமக்கு வேண்டாம். விற்பவர் ஆயிலை மாற்றியிருப்பார் என்பதால் சுத்தமான ஆயிலை நம்பிவிடவும் முடியாது. ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து, ஃபில்டரை எடுத்துவிட்டு, பெட்டியின் மூலைகளைப் பாருங்கள். ஃபில்டரை மாற்றுபவர்கள் அந்த மூலைகளைத் துடைப்பதில்லை. அங்கே வண்டல் கோடு தெரிந்தால் தண்ணீர் இன்ஜினின் வாசல் வரைக்கும் வந்திருக்கிறது.

சின்ன அறிகுறிகள்

ஹெட்லைட், டெயில் லைட் கண்ணாடிக்குள் கிடைமட்டமாக ஒரு கறைக் கோடு. வெறும் பனிமூட்டம் என்றால் சீல் போயிருக்கலாம். கோடு என்றால் தண்ணீர் அந்த உயரத்தில் நின்றிருக்கிறது. ஒன்று மட்டும் புதிதாக மின்னினாலும் ஏன் என்று கேளுங்கள். ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் சக்கரத்திலிருந்து உறுமல் வந்தால் பேரிங்கில் மண். இசிஆரில் ரேடியோவை அணைத்துவிட்டு ஓட்டினால் கேட்கும். ஹேண்ட் பிரேக்கை விட்ட பிறகும் வண்டி இழுத்துப் பிடித்தால் டிரம்மைத் திறக்கச் சொல்லுங்கள்.

அறிகுறி: காகிதம் எல்லாம் சுத்தமாக இருக்கிறது

இருக்கத்தான் செய்யும். வெள்ளத்தில் மூழ்கிய வண்டி என்று நம் ஆர்சியில் எந்தக் குறிப்பும் விழுவதில்லை. பழுது பார்க்கும் செலவு வண்டியின் ஐடிவி (பாலிசியில் போட்டிருக்கும் காப்பீட்டு மதிப்பு) தொகையில் 75 சதவீதத்தைத் தாண்டினால் காப்பீட்டு நிறுவனம் அதை முழு இழப்பாகக் கணக்கிட்டு முடித்துவிடும். மிஞ்சிய உடல் ஏலத்தில் போகும். ஆர்சியை ரத்து செய்யாமல் கைமாறி, பட்டறையில் உயிர் பெற்று வருபவைதான் நம் தலையில் விழுகின்றன.

ஆகவே ஆர்சியை விட இன்ஷூரன்ஸ் பேப்பரைக் கவனியுங்கள். பழைய பாலிசிகளைக் கேட்டு வாங்கி, "நோ கிளெய்ம் போனஸ்" வரியைப் பாருங்கள். கிளெய்ம் இல்லாமல் ஓடினால் முதல் வருடத்துக்குப் பிறகு 20, அப்புறம் 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறிக்கொண்டே போகும். ஒரே உரிமையாளரிடம் 2023 வரை 35 இருந்து அடுத்த புதுப்பிப்பில் பூஜ்யம் ஆகியிருந்தால் இடையில் ஒரு கிளெய்ம் நடந்திருக்கிறது. எதற்கு என்று கேளுங்கள். கைமாறியதும் போனஸ் பூஜ்யத்திலிருந்து தொடங்குவது சகஜம், ஏனென்றால் அது வண்டிக்கு அல்ல, ஆளுக்கு. அந்த இடத்தில் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அடுத்து, நம் பக்கத்தில் கடலூர், புதுச்சேரி எல்லையில் இருக்கும் முள்ளோடையைத் தாண்டினால் மாநிலம் மாறுகிறது. தமிழ்நாட்டு வண்டி என்ஓசி (ஆட்சேபணையில்லாச் சான்று) வாங்கி பிஒய் 01 என்ற புதுச்சேரி எண்ணுக்கு மாறலாம், பிஒய் 01 வண்டி டிஎன் 31 என்ற கடலூர் எண்ணுக்கு மாறலாம். எண் மாறினால் பழைய எண்ணில் இருந்த சர்வீஸ் வரலாறு கண்ணிலிருந்து மறைந்துவிடும். சேசிஸ் எண் மாறாது. அந்த எண்ணை எடுத்துக்கொண்டு அந்த கம்பெனி சர்வீஸ் சென்டரில் உரிமையாளரையே கேட்கச் சொல்லுங்கள். 2023 டிசம்பரிலோ 2024 டிசம்பரிலோ வண்டியை இழுத்துவந்ததாகப் பதிவு இருந்தால் வேறு சாட்சி தேவையில்லை. முன்பு வழக்கமாக சர்வீஸ் விட்ட வண்டி அந்த மாதத்துக்குப் பிறகு அங்கே எட்டியே பார்க்கவில்லை என்றால் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டேன், என்ன செய்வது?

முதலில் ஏர்பேக், பிரேக் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை வீட்டார் யாரையும் ஏற்றிக்கொண்டு தூரப் பயணம் வேண்டாம். சீட்டைக் கழற்றி, கார்ப்பெட்டை வெளியே எடுத்து, அடியில் இருக்கும் பஞ்சைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது போடுங்கள். அதைக் காயவைத்துப் பயன்படுத்தலாம் என்று 2015-ல் நானும் நினைத்தேன், அடுத்த மழைக்காலத்தில் மறுபடி நாறியது. கப்ளர்களை ஒவ்வொன்றாகத் திறந்து கான்டாக்ட் கிளீனர் அடிக்க வேண்டும். எல்லா ஆயிலையும், கியர் ஆயில் உட்பட, மாற்றிவிடுங்கள்.

எதையும் கழுவுவதற்கு முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள்: பெல்ட் கோடு, சீட் போல்ட், ஸ்டெப்னிக் குழி. கடையில் வாங்கியிருந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருடம் அவகாசம் உண்டு, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். அங்கே கைகொடுப்பது எழுத்துதான். இனி வாங்குபவர்கள் டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கும்போதே ரசீதில் "இந்த வண்டி வெள்ளத்தில் மூழ்கியதில்லை, மூழ்கியது தெரியவந்தால் முழுப் பணமும் திருப்பித் தரப்படும்" என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். உண்மையான வண்டி வைத்திருப்பவர் யோசிக்காமல் போட்டுத் தருவார்.

என் ரசீதில் வண்டி எண்ணும் தொகையும் மட்டும்தான் இருந்தன. கடைக்காரர் "எங்களுக்கே தெரியாது சார்" என்று கைவிரித்துவிட்டார். ஏர்பேக் பெட்டி, பின்கதவு மோட்டார் இரண்டு, வயரிங் வேலை என்று ஐம்பத்தெட்டாயிரம் ஆயிற்று. இப்போதும் அதே காரைத்தான் ஓட்டுகிறேன். ஃபெஞ்சல் வருகிறது என்ற அன்று காலையிலேயே அதைக் கொண்டுபோய் அக்கா வீட்டு மேட்டில் நிறுத்திவிட்டு, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன்.